முதலில் காற்று

குழாயைத் திறந்தால்
முதலில் விசிறி சுற்றும்.
சுவரைத் துளைத்துப் போகும் குழல் வழியே
உள்ளிருக்கும் காற்று வெளியேறும்.
போகிறது என்று தெரிந்த பிறகே
'டிக்'கென்று ஒரு சுவிட்ச்.
அப்புறம் பொறி, அப்புறம் நீல நெருப்பு,
கடைசியில்தான் வெந்நீர்.
கேஸ் கீசர் வாங்கிய அன்று பூப்பாறைக் கடைக்காரர்
இதையெல்லாம் சொன்னார்.
நான் விலையை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சூரியநெல்லியில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறவள்
விற்பது வெந்நீரைத்தான்.
மலையும் மேகமும் இலவசம்.

இந்தத் தையில்
புல் நுனியெல்லாம் வெளுத்துக் கிடந்த காலை
விசிறி முனகியது, சுற்றவில்லை.
சிவப்பு விளக்கு மூன்று தரம் சிமிட்டிவிட்டு
அணைந்துபோனது.
வாசலில் ஈரோட்டுக்காரர்,
தோளில் துண்டு, பல் தந்தியடிக்க.

"ஆ ரெண்டு வயரும் ஒண்ணா முறுக்கிக் கெட்டு சேச்சி"
என்றான் பைஜு, ஜீப்பை அணைக்காமலே.
"ஃபேன் ஓடுன்னுண்டு என்னு
மெஷின் விசாரிச்சோளும்."

அவன் பாஷையில் விசாரிப்பது
நினைத்துக்கொள்வது.
என் பாஷையில்
கேட்டுத் தெரிந்துகொள்வது.
எனக்கு அந்த ரெண்டு வயரையும் தெரியும்
என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

போடியிலிருந்து முதல் பஸ்ஸில்
பதினேழு வளைவும் ஏறி
செக்போஸ்ட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டு
சிக்கந்தர் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை.
மூடியைக் கழற்றினார்.
பென்சில் முனையால் இறக்கையை லேசாகத் தட்டினார்.
சுற்றியது.
"மோட்டார் நல்லாத்தான் இருக்கு.
மொதல் தள்ளு தள்ள ஆளில்லாம நிக்குது.
கெப்பாசிட்டர் செத்துப்போச்சு."
கட்டைவிரல் அளவு கறுப்புப் பெட்டி.
அதை மாற்ற நான்கு நிமிஷம்.

பிறகு வெளியே போய்
குழல் வாயில் கைவிட்டு
ஒரு குளவிக்கூட்டைப் பெயர்த்து வந்தார்.
மண் அறைகள் நான்கு,
ஒன்றில் இன்னும் பச்சையாக ஒரு புழு.
"இதுவும் பாதியை அடைச்சிருக்கு" என்றார்.

திரும்பி உட்கார்ந்தவர்
வயரை விரலால் நீவினார்.
பழைய டேப்பின் பிசின், ஒட்டிய தூசி.
"யாரு முறுக்குனது?"

போன வருஷம், இதே மாதம், ஒரு ராத்திரி.
கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன்.
குளிருக்காக ஜன்னலில் சாக்கைத் திணித்திருந்தேன்.
வயரை முறுக்கிவிட்டு
குளியலறைக் கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.
மணமும் நிறமும் இல்லாமல் வருமாம்,
தூக்கம் போல வருமாம்,
எங்கோ கேட்டிருந்தேன்.
"தம்பி, தண்ணி சுடுதா?"
"சுடுதுங்கக்கா."
"தம்பி, சோப்பு இருக்கா?"
"இருக்குங்க."
"எந்தக் காலேஜுன்னு சொன்னீங்க?"
பதில் வரத் தாமதித்த ஒரு தடவை
கதவை உதைக்கக் காலைத் தூக்கிவிட்டேன்.
தலைக்கு ஷாம்பு போட்டிருந்தானாம்.

மறுநாள் விசிறி தானாகச் சுற்றியது.
வயரைப் பிரித்துவிட்டேன்.
போகும்போது வருகைப் பதிவேட்டில் எழுதினான்:
'அம்மாவைப் போல் அக்கறை.'
அந்தப் பக்கத்தை இன்றுவரை
நான் யாருக்கும் காட்டியதில்லை.

சிக்கந்தர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
ஸ்பிரிட் தொட்டுப் பிசினைத் துடைத்தார்.
ஜன்னல் சாக்கைப் பிடுங்கி
என் கையில் கொடுத்தார்.
"இப்ப குழாயைத் திறங்க."

காற்று.
டிக்.
பொறி.
வெளியே குழல் வாயில் உள்ளங்கையை நீட்டச் சொன்னார்.
வெதுவெதுப்பாக, ஒரு மாட்டின் மூச்சு போல.

அறுநூற்றைம்பது ரூபாய், பஸ் காசு தனி.
டீ வேண்டாமென்றார்.
கொஞ்சம் ஏலக்காய் கிடைக்குமா என்றார், மகளுக்கு.
நூறு கிராம் கேட்டவருக்கு
கால் கிலோ கட்டினேன்.

ஈரோட்டுக்காரர் குளிக்கப் போனார்.
அடுப்படியில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள்
கரண்டியோடு நடந்துபோய்
கதவருகே நின்றேன்.
"சார், தண்ணி சுடுதா?"
கடுகு கருகிக்கொண்டிருந்தது.
அவர் பதில் சொல்லும்வரை
நகரவில்லை.